40 நாள்ல துறவியா? டிவி வெட்டி எறியற அந்த ரெண்டு செகண்டு

வணக்கம் மக்களே. தர்மபுரி, அதே மாடி ரூம், அதே ஃபேன் சத்தம். நிறுத்தினா வேர்த்து ஊத்துது, ஓடவிட்டா நீங்க திட்டுறீங்க. இன்னைக்கு ஓடட்டும், ஏற்கனவே சூட்டுல இருக்கேன்.

இந்த வாரம் ஒரே கிளிப்பு நாலு பக்கமிருந்து வந்து விழுந்துச்சு. ஒரு வெளிநாட்டுப் பொண்ணு மடத்துல உக்காந்து அழுவுது, பின்னாடி வயலின், மேல கொட்டை எழுத்துல தமிழ்ல "கன்னியாஸ்திரி ஆகப் போன பொண்ணுக்கு நடந்த கொடுமை". எந்த ஷோவுல வெட்டினதுன்னுகூட போடல. நம்ம சேனல் பாக்கறவங்களுக்குத் தெரியும், பேர் போடாத கிளிப்பு எனக்கு உப்பில்லாத களி மாதிரி.

சாதாரண ஆளுங்கள கொஞ்ச நாள் கிறிஸ்தவ மடத்துல தங்க வெச்சு எடுக்கற ரியாலிட்டி ஷோ ஒண்ணு ரெண்டு இல்ல. பிபிசி 2005-ல 'தி மொனாஸ்டரி' எடுத்தாங்க. இங்கிலாந்துல வொர்த் மடம், பெனடிக்ட் சபை, அஞ்சு ஆம்பளைங்க, 40 நாள். அடுத்த வருஷம் 'தி கான்வென்ட்', அருண்டெல் ஊர்ல கிளாரா சபை சிஸ்டருங்களோட நாலு பொண்ணுங்க. அதே 2006-ல அமெரிக்காவுல டிஎல்சி சேனல் நியூ மெக்சிகோ பாலைவனத்து மடத்துக்குப் போச்சு. மெயின் ரோட்டுல இருந்து 21 கிலோமீட்டர் மண்ரோடு, அஞ்செட்டி காட்டு ரோட்ட நெனச்சுக்கோங்க. அப்புறம் 2014-ல லைஃப்டைம் சேனலோட 'தி சிஸ்டர்ஹுட்: பிகமிங் நன்ஸ்'. 2017-ல இங்கிலாந்து சேனல் 5. இந்தக் கடைசி ஒண்ணு எனக்குச் சுத்தமா ஆகாது, அதுக்கு வரேன்.

மொதல்ல கணக்கு. 40 நாள்னா 960 மணி நேரம். பிபிசி ஒளிபரப்புனது மூணு எபிசோடு, ஒண்ணு ஒரு மணி நேரம். ஆக மடத்துல ஒரு முழு நாளு டிவில நாலரை நிமிஷம். அந்த நாலரை நிமிஷத்துல அஞ்சு பேரோட கதை, சண்டை, மணியடிக்கறது, வெளியில புல்வெளி ஷாட்டு. மிச்சம் என்ன இருக்கும்?

பெனடிக்ட் ஒழுங்குன்னா புனித பெனடிக்ட் மடத்துத் துறவிங்களுக்கு எழுதின விதிப் புத்தகம். அதுப்படி பகல்ல ஏழு தடவை ஜெபம், ராத்திரி ஜெபம் தனி. பைபிள்ல இருக்கற 150 திருப்பாடலையும் ஒரே வாரத்துல முடிக்கணும்னு அவர் எழுதி வெச்சிருக்காரு. இன்னைக்கு மடத்துக்கு மடம் கொஞ்சம் மாறும், ஆனா எலும்புக்கூடு அதுதான். அதே பாட்டு, அதே இடம், அதே பெஞ்சு, வாரா வாரம். இத எந்த எடிட்டர் விடுவான்?

இங்கதான் என்னோட பெரிய பிரச்சனை. இதுக்கு நேரம் எடுக்கும், டீ வெச்சுக்கோங்க.

திருப்பாடல் சொல்றப்ப கோவில்ல ரெண்டு பக்கமா எதிரெதிரா நிப்பாங்க. ஒரு வசனம் இந்தப் பக்கம், அடுத்த வசனம் அந்தப் பக்கம். ஒவ்வொரு வசனத்தோட பாதியிலயும், புத்தகத்துல ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அங்க எல்லாரும் நிறுத்தணும். ஒரு மூச்சு. சொல்லிக் காட்டறேன்: "ஆண்டவரே என் ஆயர்..." நிறுத்து, மூச்சு, "எனக்கேதும் குறையில்லை." அந்த நடு இடைவெளிதான் மொத்த ஜெபத்தோட முதுகெலும்பு. ஆனா வசனம் முடிஞ்சதும் அந்த அளவு இடைவெளி கெடையாது, எதிர்பக்கம் உடனே எடுக்கணும். புதுசா வர்றவங்க இத அப்படியே தலைகீழா பண்ணுவாங்க: நடுவுல ஓடுவாங்க, கடைசியில நிப்பாங்க. அடுத்த தப்பு, குரல் மேல எழும்பறது. பக்கத்துல இருக்கறவங்க சத்தம் நமக்குக் கேக்கணும், கேக்கலன்னா நாம கத்தறோம்னு அர்த்தம். மூணாவது, ஆர்கன் இல்லாம சொன்னா சுருதி கொஞ்சம் கொஞ்சமா கீழ எறங்கும், அடுத்த பாட்டுக்கு முன்னணிப் பாடகர் திரும்ப எடுத்துக் குடுப்பாரு.

இப்ப டிவி என்ன பண்ணுதுன்னு பாருங்க. போட்டியாளர் சட்டையில காலர் மைக். இதோ, இது மாதிரி. காலர் மைக்கு ஒரே குரலத்தான் புடிக்கும். இருவது பேரு சேர்ந்து ஒரே குரலா ஆகணும்னு வருஷக்கணக்கா பழகினது, மைக்குல ஒரு பையனோட பிசிறடிச்ச குரலா வருது, மத்தது பின்னாடி ஹம்மு. பாக்கறவனுக்கு அது சிரிப்பு சீன். அடுத்தது எடிட்டு. அந்த ரெண்டு செகண்டு மௌனம் வந்தா ஆடியோ கட்டாயிடுச்சோன்னு பயம், வெட்டிடுவாங்க, இல்லன்னா மேல மியூசிக் ஊத்துவாங்க. நான் எடிட் பண்ற ஆப்புலயே சைலன்ஸ் ரிமூவ்னு ஒரு பட்டன் இருக்கு. அதுல திருப்பாடல போட்டா நட்சத்திரக் குறி அத்தனையும் காலி, ஏலக்கடையில ரேட்டு கூவுற மாதிரி ஆயிடும்.

இதுக்கு எதிர்ல ஒண்ணு வெக்கணும்னா 'இன்டு கிரேட் சைலன்ஸ்' ஆவணப்படம், ரியாலிட்டி ஷோ கெடையாது. டைரக்டர் ஃபிலிப் குரோனிங் 1984-ல, பிரான்சுல மௌனத்துல வாழற கார்த்தூசியன் துறவிங்க மடத்துக்கிட்ட அனுமதி கேட்டாரு, 16 வருஷம் கழிச்சு சரின்னு பதில் வந்துச்சு. ஒத்த ஆளு, லைட்டு கெடையாது, பின்னணிப் பேச்சு கெடையாது. 2005-ல வந்துச்சு, பிபிசி ஷோ வந்த அதே வருஷம்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன், இத மொதல்லயே சொல்லியிருக்கணும். நாம கன்னியாஸ்திரின்னு ஒரே வார்த்தையில ரெண்டு கூட்டத்த அடக்கிடறோம். ஸ்கூல், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் நடத்தற சிஸ்டருங்க ஒண்ணு. அடைப்பு மடத்துல வெளிய வராம ஜெபத்துல இருக்கறவங்க இன்னொண்ணு. லைஃப்டைம் ஷோ போன மூணு வீடும் மொத வகை. அதுல ஒண்ணு 'முதியோருக்கான கார்மேல் சகோதரிகள்'. பேர்ல கார்மேல்னு இருக்கவும் ஏதோ அடைப்பு மடத்துக் கம்பிக்குப் பின்னாடி இருக்கறவங்கன்னு நெனச்சுக்காதீங்க, அவங்க முழுநேர வேலையே வயசானவங்கள பாத்துக்கறது. ஆறு வாரத்துல மூணு சபை மாத்துனாங்க. ஒரு சபையோட மணி எப்ப அடிக்கும்னு பழகறதுக்குள்ள பொட்டி கட்டணும்.

சரி, நெஜத்துல எவ்ளோ நாள்? பங்குச்சாமியாருங்க மே மாச லீவுல அனுப்பற 'வந்து பாருங்கள்' முகாம் வெறும் எட்டிப் பாக்கறது. அதுக்கப்புறம் கேண்டிடேட், போஸ்டுலன்ட்னு ஆரம்பக் கட்டங்க, அப்புறம் நொவிஷியேட், அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முன்னாடி வர்ற பயிற்சிக் காலம். திருச்சபைச் சட்டப்படி நொவிஷியேட் கொறஞ்சது 12 மாசம். அதுல 15 நாளைக்கு மேல வெளிய இருந்தா அந்த நாள ஈடுகட்டணும், மூணு மாசம் தாண்டினா அந்த நொவிஷியேட்டே செல்லாது. கவனிச்சீங்களா? ஷோவோட மொத்த நீளம் 40 நாளு. லீவு போட்டா செல்லாதுங்கற வரம்புல பாதிகூட இல்ல! அப்புறம் முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவுக்கான வாக்குறுதி, மூணுல இருந்து ஆறு வருஷத்துக்கு, நீட்டினாலும் மொத்தம் ஒம்பது தாண்டக்கூடாது. அதுக்குப் பின்னாடிதான் ஆயுசுக்கும் குடுக்கற நித்திய வார்த்தைப்பாடு. அடைப்பு மடத்துக்கு 2018-ல வத்திக்கான் போட்ட விதிப்படி எல்லா கட்டமும் சேந்து 9-ல இருந்து 12 வருஷம். கிருஷ்ணகிரி பக்கம் ஒட்டு மாங்கன்னு வெக்கறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், மொத ரெண்டு மூணு வருஷம் பூ வந்தாலும் கிள்ளிப் போடுவாங்கல்ல? டிவிக்காரன் அந்தப் பூவப் பாத்து 'மாம்பழம் ரெடி'ன்னு கத்தறான்.

அந்தக் "கொடுமை" தலைப்புக்கு வரேன். பொண்ணு வெளிய போச்சு, அதனால ஏதோ நடந்துடுச்சு, அப்படித்தானே? பெனடிக்ட் ஒழுங்கு 58-ஆம் அதிகாரம் எடுங்க. வர்றவனுக்குக் கதவ சுலபமா தெறக்காதே, நாலஞ்சு நாள் தட்டட்டும். உள்ள வந்த பிறகு ரெண்டு மாசத்துல ஒழுங்கு முழுசையும் படிச்சுக் காட்டு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி. நாலு மாசம் கழிச்சு மறுபடி. ஆரம்பத்துலயே சொல்லிடணும்: முடிஞ்சா உள்ள வா, முடியலன்னா தாராளமா போ. வெளிய போற கதவ அவங்களே கட்டி வெச்சிருக்காங்க. ரியாலிட்டி ஷோவுல அதுக்குப் பேரு எலிமினேஷன்.

இப்ப சேனல் 5, 'பேட் ஹேபிட்ஸ் ஹோலி ஆர்டர்ஸ்'. ஸ்வாஃபம்னு ஒரு ஊரு, பார்ட்டி பண்ற அஞ்சு பொண்ணுங்க. ஆன்மீகப் பயணம்னு சொல்லிக் கூட்டிக்கினு போனாங்க, மடம்னு சொல்லல. கார்ல இருந்து எறங்கி முழிக்கறதுதான் அவங்களுக்கு சீன். ஏமாத்தி உள்ள எடுத்தா அந்த நொவிஷியேட் சேர்க்கையே செல்லாதுன்னு சட்டம் சொல்லுது. இவங்க நொவீஸ் இல்ல, விருந்தாளிங்கதான், சட்ட மீறல்னு சொல்ல வரல. ஆனா மடத்து வாழ்க்கைய காட்டறேன்னு சொல்லி, மடம் எத மொதல்ல தடுக்குதோ அதுலயே ஆரம்பிச்சா எரிச்சல் வருமா வராதா? அந்த சிஸ்டருங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. பொறுமையா இருந்தாங்க. ஷோவ அவங்கதான் காப்பாத்துனாங்க.

புடிச்சதையும் சொல்லிடறேன், இல்லன்னா எல்லாத்தையும் கொற சொல்றேன்னு எழுதுவீங்க. வொர்த் மடத்துல செக்ஸ் சாட் லைனுக்கு விளம்பரம் எடுத்த ஒருத்தர் வந்தாரு. கடைசியில அவரோட வழிகாட்டித் துறவி முன்னாடி உக்காந்து பேச்சு வராம திணறுவாரு. அங்க எடிட்டர் கைய வெக்கல. மொத்த வகையறாவுல நான் திரும்பத் திரும்ப பாக்கறது அந்த ஒரே சீன்.

நேர்ல பாக்கணும்னா தூரம் போக வேணாம். ஓசூர் தாண்டி பெங்களூரு, மைசூர் ரோட்டுல ஆசீர்வனம், பெனடிக்ட் மடம், 1957-ல ஆரம்பிச்சது. தமிழ்நாட்டுக்குள்ளன்னா குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில சாந்திவனம், 1950. போறதுக்கு முன்னாடி போன் பண்ணி ஜெப நேரம் கேட்டுக்கோங்க. அஞ்சு நிமிஷம் முன்ன போங்க, பின்வரிசையில உக்காருங்க, போன சைலன்ட்ல போடாதீங்க, ஆஃப் பண்ணுங்க, வைப்ரேட் ஆனா மர பெஞ்சு முழுக்க அதிரும். மொத நாளு வாயத் தெறக்காம, அந்த நட்சத்திரக் குறியில எவ்ளோ நேரம் நிறுத்தறாங்கன்னு மட்டும் எண்ணுங்க. ரெண்டாவது நாள் சேந்து சொல்லலாம்.

இந்த வீடியோவுல நான் "ஆயர்"னு சொல்லி நிறுத்துன இடத்த வெட்டல. அங்க ஃபேன் சத்தம் மட்டும் கேக்கும், உங்க ஸ்பீக்கர்ல ஒண்ணும் கோளாறு இல்ல.