நாக்கால் தாடையைச் செதுக்க முடியுமா?

பெற்றோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

இங்கே அமர்ந்திருக்கும் தம்பிகளில் சிலர் இந்த நிமிடமும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்திருக்கலாம். ஒளித்துக்கொள்ள வேண்டாம், நான் கோபிக்க வரவில்லை. நாள் முழுவதும் அப்படி வைத்திருந்தால் தாடை எடுப்பாகும் என்று கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். 'மியூயிங்' என்ற இந்தப் பெயர் இங்கிலாந்தின் பல் சீரமைப்பு மருத்துவர் ஜான் மியூவிடமிருந்து வந்தது. ஆனால் அவர் பேசியது வளரும் பிள்ளைகளின் முகத்தைப் பற்றி. அவருடைய மகன் மைக் மியூ அதை உலகெங்கும் பரப்பினார். குழந்தைகளுக்கு அளித்த சிகிச்சை தொடர்பான விசாரணைக்குப் பின், 2024இல் மைக்கின் பெயர் அந்நாட்டுப் பல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

இதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பற்கள் ஒருபக்கம் நாக்குக்கும் மறுபக்கம் உதடு, கன்னங்களுக்கும் நடுவே நிற்பவை. பல மணி நேரம் தொடரும் மெல்லிய அழுத்தம் பல்லை நகர்த்தும். விரல் சூப்பும் குழந்தையின் முன்பற்கள் தூக்கிக்கொண்டு வருவதை எந்த வீட்டில்தான் பார்த்ததில்லை?

ஆனால் பல் வேறு, தாடை எலும்பு வேறு. மேல் தாடை இரண்டு பாதிகள். அண்ணத்தின் நடுவே ஒரு பொருத்தில் இணைகின்றன. சிறு வயதில் அந்தப் பொருத்து இளகியிருக்கும். அப்போது வாய்க்குள் ஒரு திருகுக் கருவியைப் பொருத்தி, தினமும் கால் மில்லிமீட்டர் அளவுக்குத் திருகி அண்ணத்தை விரிக்கிறோம். வயது ஏற ஏற இரு ஓரங்களும் ரம்பப் பற்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கின்றன. வளர்ந்தவருக்கு அதே திருகு பெரும்பாலும் போதாது. எலும்பிலேயே திருகாணியை இறக்க வேண்டும், அல்லது அறுவை சிகிச்சையால் எலும்பைத் தளர்த்த வேண்டும். திருகுக்கே அசையாத எலும்பை, ஓய்வாக ஒட்டியிருக்கும் நாக்கு எப்படி அசைக்கும்? கீழ்த் தாடையின் வளர்ச்சியும் இருபது வயதை ஒட்டி ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

அப்படியானால் மியூயிங்கால் முகம் மாறியதாகக் கைப்பேசியில் காட்டும் அந்த 'முன்பும் பின்பும்' படங்கள்? பதினைந்தில் ஒரு படம், பத்தொன்பதில் ஒரு படம். நடுவில் பருவ வளர்ச்சி தன் வேலையைச் செய்துவிட்டது. சில படங்களில் உடல் இளைத்திருக்கிறது, தாடி வந்திருக்கிறது, முகவாய் சற்று உயர்ந்திருக்கிறது. அவ்வளவே.

நாக்குப் பயிற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயில், நாக்குக்கும் தொண்டைக்கும் தரும் பயிற்சிகள் பெரியவர்களில் அந்தத் தடையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததாக 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். அது தசையை வலுவாக்கும் பயிற்சி.

தம்பி, கண்ணாடி முன் நின்று உன் முகவாயைக் கண்டு வெட்கப்படாதே. மேல் பற்களும் கீழ்ப் பற்களும் பொருந்துவதில் உண்மையிலேயே கோளாறு இருந்தால் பல் சீரமைப்பு மருத்துவரிடம் வா. பல்லுக்குக் கம்பி போதுமா, தாடைக்கு அறுவை சிகிச்சை வேண்டுமா என்று பார்த்துச் சொல்வோம்.

தாய்மார்களே, உங்களிடம்தான் எனக்கு அவசரம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை இரவில் வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்குகிறதா? அசதி என்று விட்டுவிடாதீர்கள். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெருத்து மூச்சை அடைத்துக்கொண்டிருக்கலாம். வளர்கிற முகம் அது. இந்த வாரமே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.