அணியத்தில் விழும் அடி

நேயர்களுக்கு வணக்கம்.

வாடைக்காற்று வீசும் நாள்களில் யாழ்ப்பாணக் குறிகட்டுவானிலிருந்து படகில் நெடுந்தீவுக்குப் போனவர்களுக்கு இந்த ஓசை தெரியும். படகின் முன்பகுதியான அணியம் அலைமேல் எழும்பும். ஒரு கணம் படகுக்கு அடியில் எதுவுமே இல்லாததுபோல் இருக்கும். பிறகு படார் என்று ஓர் அடி. பலகையில் இருப்பவரின் முதுகெலும்பு வரை அதிரும். அந்த அடியைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

கையை மெல்ல இறக்கினால் தண்ணீர் வழிவிடும். ஓங்கி அறைந்தால் உள்ளங்கை சிவந்துவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. விலகிப் போக அதற்கும் நேரம் வேண்டும். கடல் விமானம் இறங்கும்போது அதன் மிதவைகள் மீது விழும் விசையை 1929இல் பொறியியலாளர் தியோடர் வொன் கார்மன் கணக்கிட்டார். மிதவையின் இருபுறமும் குவிந்தெழும் நீரையும் சேர்த்து, 1932இல் ஹேர்பர்ட் வாக்னர் அந்தக் கணக்கை மேலும் செம்மையாக்கினார்.

வாக்னரின் வழியில் நம் படகுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 46 சென்ரிமீற்றர், அதாவது முழங்கால் உயரத்திலிருந்து விழும் அணியம், செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் நீரைத் தொடுகிறது. அடிப்பாகம் நடுவிலிருந்து பக்கங்களை நோக்கி மேலேறும் சரிவு 10 பாகையாக இருந்தால், உச்ச அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல் போகிறது. சரிவை 20 பாகையாக்கினால் அதில் காற்பங்குகூட இல்லை. ஆழமில்லாத பரவைக்கடலுக்குத் தட்டையான அடிப்பாகம் வசதிதான். வெளிக்கடல் அலையில் அதுவே வினையாகிறது.

இந்தக் கணக்கு படகின் ஓடு, அதாவது அதன் வெளிச்சுவர், வளையவே வளையாது என்று வைத்துக்கொண்டு போட்டது. உண்மையான ஓடு வளைகிறது. அழுத்தத்தின் உச்சம் ஓர் ஒடுங்கிய பட்டையாக, அடியின் நடுவில் நீளவாக்கில் ஓடும் ஏராவிலிருந்து பக்கங்களை நோக்கி ஓடுகிறது. ஓரிடத்தில் அது தங்குவது சில மில்லிசெக்கன்கள் மட்டுமே. ஓடு ஒருமுறை உள்ளே வளைந்து மீள அதைவிட அதிக நேரம் எடுக்குமானால், உச்சத்தின் முழு வலிமையும் ஓட்டில் இறங்குவதற்குள் பட்டை கடந்துவிடும். ஓட்டோடு ஒட்டிய நீரும் சேர்ந்து அசைய வேண்டியிருப்பதால், நீரில் அந்த அசைவு இன்னும் மெதுவாகிறது. இங்கே வளைவது பலவீனம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். துறைமுகம் இல்லாத சென்னைக் கரையில் ஒருகாலத்தில் பயணிகளை அலை கடத்தி இறக்கிய மசூலாப் படகுகளுக்கு, ஓட்டை உள்ளிருந்து தாங்கும் விலா போன்ற வங்குகளே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள்; அலை மோதும்போது படகே நெளிந்து கொடுத்தது.

ஆனால் வளைவதற்கும் ஒரு விலை உண்டு. உள்ளே தள்ளப்பட்ட ஓடு எங்காவது தடுக்கப்பட வேண்டும். அது தடுக்கப்படுவது வங்கின் விளிம்பில். நம் கரைகளில் கவிழ்த்து வைத்திருக்கும் பைபர் படகுகளைப் பாருங்கள். முன்பாகத்தில், வங்கை ஒட்டியே முதல் வெடிப்பு மயிரிழை போல ஓடியிருக்கும்.

என் நெஞ்சை உறுத்துவது அதன்பிறகு நடப்பதுதான். வெடித்த இடத்தில் நாலைந்து படை, அதாவது அடுக்கு, பைபர் பாயை ஒரே அளவில் வெட்டி, பிசினில் தோய்த்து, தடிப்பாக ஒட்டிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவரின் படகுக்கும் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். அடுத்த வாடைக்குள் ஒட்டின் விளிம்பைச் சுற்றிப் புதிய வெடிப்பு வந்துவிட்டது. ஒட்டு இறுகி நிற்க, பக்கத்து ஓடு முன்போலவே வளைகிறது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வோர் அலையும் மடித்து நிமிர்த்துகிறது. அவருடைய உழைப்பும் பணமும் அந்தக் கோட்டில்தான் போயின.

பழுது பார்ப்பதற்கு முன் ஒரு நாணயத்தால் ஓட்டைத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். படைகள் பிரிந்த இடம் பொத்தென்று மந்தமாக ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியும் வெடிப்பைவிடப் பிரிந்த பரப்பு பெரும்பாலும் அகலமானது. அதுவரை தேய்த்தெடுங்கள். ஓட்டின் தடிப்பைப்போல் குறைந்தது 12 மடங்கு தூரத்துக்கு விளிம்பைச் சரிவாக்குங்கள். 6 மில்லிமீற்றர் ஓட்டுக்குச் சுற்றிவர 7 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். பிறகு ஒவ்வொரு படையையும் வேறு வேறு அளவில் வெட்டி, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் விளிம்பின்மேல் விழாதபடி ஒட்டுங்கள்.