ஆளை விட்டுட்டுப் போற டிஃபெண்டர்: அலெக்ஸ் ரான்ஸ் கதை

[காட்சி: மெல்போர்ன் எம்.சி.ஜி. மைதானம், மேலேருந்து]

பாக்ஸிங் டே டெஸ்ட் பாக்கறவங்களுக்கு இந்த மைதானம் பழக்கமான இடம். கிரிக்கெட் சீசன் முடிஞ்சதும் நடுவுல இருக்கற பிட்ச்சை அப்படியே பேத்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. ரெண்டு முனையிலயும் நாலு நாலு கம்பம் நட்டுடுவாங்க. மார்ச்லேருந்து செப்டம்பர் வரைக்கும் இங்க ராஜா ஃபுட்டிதான். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்.

விதியை வேகமா சொல்லிடறேன். ஒரு டீமுக்கு 18 பேரு. நடுவுல இருக்கற ரெண்டு உயரமான கம்பத்துக்கு இடையில பந்தை உதைச்சா கோல், 6 புள்ளி. பக்கத்துல இருக்கற சின்னக் கம்பத்துக்கும் பெரிய கம்பத்துக்கும் நடுவுல போனா பிஹைண்ட், 1 புள்ளி. 15 மீட்டராவது பறந்து வர்ற உதையை, தரையில படாம, வழியில யாரும் தொடாம புடிச்சா அது மார்க். புடிச்சவரை யாரும் தொந்தரவு பண்ண முடியாது, நிதானமா நின்னு உதைக்கலாம்.

இந்த மார்க்தான் டிஃபெண்டரோட தலைவலி. எதிரணி ஃபார்வர்ட் கோலுக்கு 30 மீட்டர்ல ஒரு மார்க் புடிச்சா, பாதி கோல் விழுந்த மாதிரி. அதைத் தடுக்கணும். ஆனா கையைப் புடிச்சு இழுத்தா ஃப்ரீ கிக். முதுகுல தள்ளினா ஃப்ரீ கிக். கையை வெட்டற மாதிரி அடிச்சாலும் ஃப்ரீ கிக். மிச்சம் இருக்கறது ஒரே வழி: ஃபார்வர்டோட விரல் படறதுக்கு முன்னாடி முஷ்டியால பந்தைக் குத்தி வெளியே தள்ளணும். அதுக்குப் பேரு ஸ்பாயில். பல தலைமுறையா ஃபுல் பேக்குன்னா, அதாவது கோலுக்கு முன்னாடி நிக்கற கடைசி டிஃபெண்டர்னா, இதுதான் வேலை. ஒருத்தரை ஒட்டிக்கிட்டே ரெண்டு மணி நேரம் ஓடு, வர்ற பந்தையெல்லாம் குத்து.

ரிச்மண்ட் டீமோட 18-ஆம் நம்பர் அலெக்ஸ் ரான்ஸ் இந்த வேலையையும் செஞ்சாரு. ஆனா அவரைப் பத்தி வீடியோ போடறதுக்குக் காரணம் அது இல்ல.

[திரையில்: மைதானப் படம். ரெண்டு ஃபார்வர்ட், ரெண்டு டிஃபெண்டர்]

இந்தப் படத்தைப் பாருங்க. ரான்ஸ் காவல் காக்கற ஆள் இந்தப் பக்கம் நிக்கறாரு. பந்து 20 மீட்டர் தள்ளி, அந்தப் பக்கம் இருக்கற ஃபார்வர்டுக்குப் போகுது. பழைய கணக்குப்படி ரான்ஸுக்கு அங்க வேலையே இல்ல. ஆனா அவரு தன்னோட ஆளை விட்டுட்டு ஓடுவாரு. குறுக்கே பாஞ்சு பந்தைக் குத்த மாட்டாரு, புடிச்சுடுவாரு. அந்த நொடியிலேயே எதிரணி தாக்குதல் செத்துப்போய், ரிச்மண்ட் தாக்குதல் ஆரம்பிச்சுடும்.

தப்பாச்சுன்னா? அவரு விட்டுட்டு வந்த ஆள் கோலுக்கு முன்னாடி தனியா நிப்பாரு. பாக்கறதுக்கே அசிங்கமா இருக்கும். அதனால இது தைரியம் மட்டும் இல்ல, படிக்கற வேலை. உதைக்கப் போறவரை யாராவது நெருக்கறாங்களா? அப்படின்னா பந்து உயரமா, மெதுவா வரும், ஓடிப் போய்ச் சேர நேரம் இருக்கு. அவரு சுதந்திரமா நிமிர்ந்து பாத்து உதைக்கறாரா? அப்போ வாயை மூடிக்கிட்டு தன் ஆளோட நிக்கணும். இந்த முடிவை பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்தாகணும்.

இது முதல் நாளே வந்த வித்தை இல்ல. ரான்ஸ் பெர்த் பக்கத்து ஆளு. அப்பா மர்ரே ரான்ஸும் டிஃபெண்டர்தான், 1989-ல வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் கேப்டன். 2007 டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க முறை போட்டு இளம் ஆட்டக்காரங்களை எடுக்கற தேர்வுல, ரிச்மண்ட் ரெண்டாவது தேர்வுல ட்ரென்ட் காட்சினை எடுத்தாங்க, பதினெட்டாவது தேர்வுல ரான்ஸை எடுத்தாங்க. 2009-ல முதல் ஆட்டம். அப்போ ரிச்மண்ட் நிலைமை பரிதாபம். 2010-ல டேமியன் ஹார்ட்விக் புது கோச்சா வந்து, முதல் ஒன்பது ஆட்டமும் தோல்வி. ரான்ஸ் உடம்பு பலமா இருக்கும், வேகம் இருக்கும், ஆனா பந்தைப் புடிச்சப்புறம் உதைக்கறது எங்க போகும்னு ரசிகர்களுக்கு பயம். அந்தக் காலத்துல இவரு பெரிய ஆளா வருவாருன்னு பந்தயம் கட்டினவங்க கம்மிதான்.

2014-லேருந்து 2018 வரைக்கும் வரிசையா அஞ்சு வருஷம் ஆல்-ஆஸ்திரேலியன் அணி, அதாவது அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரங்க பட்டியல்ல இடம். 2015-ல ரிச்மண்டோட சிறந்த ஆட்டக்காரருக்கான ஜாக் டயர் மெடல். அதே 2015-ல இன்னொண்ணும் நடந்துச்சு: ஆட்டத்தையே விட்டுடலாமான்னு அவரு யோசிக்கறாருன்னு செய்தி வந்துச்சு. ரான்ஸ் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர், நம்பிக்கைக்கும் குடும்பத்துக்கும் நேரம் வேணும்னு வெளிப்படையா பேசினவர். கடைசியில தங்கினாரு.

[காட்சி: 2017 கிராண்ட் ஃபைனல் (இறுதி ஆட்டம்), மஞ்சள் கறுப்பு கொடிகள்]

தங்கினது வீண் போகல. 2017 செப்டம்பர் 30, ஒரு லட்சம் பேரு முன்னாடி, புள்ளிப் பட்டியல்ல முதலிடத்துல இருந்த அடிலெய்டை ரிச்மண்ட் 108-60-ன்னு ஜெயிச்சுது. 37 வருஷத்துக்கு அப்புறம் கோப்பை. இறுதி ஆட்டத்தோட சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் மெடல் ரிச்மண்டோட டஸ்டின் மார்ட்டினுக்குப் போச்சு, தலைப்புச் செய்தியும் அவருக்குத்தான். நான் கவனிக்கறது அடிலெய்டை அடக்கி வெச்ச அந்த 60-ஐ. டிலன் கிரைம்ஸ், டேவிட் ஆஸ்ட்பரி, நிக் விளாஸ்டுவின், இவங்க மூணு பேரும் ரான்ஸ் நகர்ந்தா உடனே அந்த ஓட்டையை அடைக்கப் பழகினவங்க. அவங்க இல்லாம ரான்ஸால தன் ஆளை விட்டுட்டு ஓடியிருக்கவே முடியாது.

அடுத்த வருஷம் இந்த முறைக்கும் மருந்து கிடைச்சுது. 2018 ப்ரிலிமினரி ஃபைனல்ல, அதாவது அரையிறுதி மாதிரியான ஆட்டத்துல, காலிங்வுட் டீமோட மேசன் காக்ஸ், 211 சென்டிமீட்டர் அமெரிக்கர், கூடைப்பந்து ஆடிட்டு ஃபுட்டிக்கு வந்தவர், ரெண்டாவது கால்பகுதியில மட்டும் மூணு கோல் போட்டாரு. ரான்ஸ் மாதிரி இன்னொருத்தர் ஓடி வந்து உதவலாம்தான். ஆனா பந்தை எல்லாரோட கைக்கும் மேல புடிக்கறவர்கிட்ட யாரு வந்து என்ன பண்றது? பட்டியல்ல முதலிடத்துல இருந்த ரிச்மண்ட் 39 புள்ளியில தோத்துது.

2019 சீசனோட முதல் ஆட்டம், கார்ல்டனுக்கு எதிரா. ரான்ஸுக்கு அது 200-வது ஆட்டம். முழங்கால்ல ஏ.சி.எல்.-ங்கற தசைநார் கிழிஞ்சுது. அந்த வருஷம் அவரு திரும்பி வரல. டிசம்பர்ல, 30 வயசுல, ஓய்வு அறிவிச்சாரு. இந்தத் தடவை காரணம் பழையதுதான்: நம்பிக்கை, குடும்பம், மன நிம்மதி.

இதுக்கு நடுவுல ரிச்மண்ட் என்ன ஆச்சு? ரான்ஸ் இல்லாமலே 2019 கிராண்ட் ஃபைனல்ல ஜி.டபிள்யூ.எஸ். (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) அணியை மொத்தமே 25 புள்ளிக்கு, வெறும் மூணு கோல்ல சுருட்டி ஜெயிச்சாங்க. கிரைம்ஸ் அந்த வருஷம் ஆல்-ஆஸ்திரேலியன். 2020-லயும் கோப்பை. "பாத்தீங்களா, ரான்ஸ் தேவையே இல்ல"-ன்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அது உல்டாவா தெரியுது. யாரு நகர்ந்தா யாரு அடைக்கணும்னு அந்த பின்வரிசை பல வருஷம் பழகினது இவரு ஓடின ஓட்டத்தைச் சுத்தித்தான்.

பழைய ஆட்டங்களைத் தேடிப் பாக்கப் போறீங்கன்னா ஒரு தொல்லை இருக்கு. டிவி கேமரா பந்துக்குப் பின்னாடியே போகும், ரான்ஸ் கடைசி நொடியிலதான் ஃப்ரேமுக்குள்ள வருவாரு, ஏதோ அதிர்ஷ்டத்துல அங்க இருந்த மாதிரி. கோல் கம்பத்துக்குப் பின்னாடியிருந்து எடுத்த காட்சி கிடைச்சா அதைப் பாருங்க, கோச்சுங்களும் அதைத்தான் பாப்பாங்க. உதைக்கறவரை விட்டுடுங்க, பந்து கால்லேருந்து கிளம்பறதுக்கு முன்னாடி 18-ஆம் நம்பர் எந்தப் பக்கம் நகர்றாருன்னு மட்டும் பாருங்க.