வடிகிற மண்ணும் வற்றுகிற மண்ணும்

நேயர்களுக்கு வணக்கம்.

"நம்ம பக்கத்து மண்ணுல தண்ணி நிக்காதுங்க." காரைக்குடி, கானாடுகாத்தான், திருமயம் வட்டாரத்தில் செவல் காட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் காதில் விழுவது இதுதான். ஐப்பசி அடைமழையில் சொன்னால் அதில் பெருமை இருக்கும். மந்தையில் சேறு இல்லை, ஆட்டுக்குக் குளம்பு அழுகல் இல்லை. அதையே மாசி மாதம் சொன்னால் நோவு. கண்மாய் ஓரத்தில் பச்சை இருக்க, மேட்டுப் பொட்டலில் புல் சருகாகிக் கிடக்கும்.

மண்ணியலில் வடிகாலை ஏழு தரமாகப் பிரிக்கிறார்கள். அதில் மூன்றாவதுதான் "நன்கு வடியும் மண்". தண்ணீர் தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் ஓடிவிடக் கூடாது. வேர் மட்டத்தில் சில நாளாவது ஈரம் நிற்க வேண்டும். அதற்கு மேலே உள்ள இரண்டு தரங்களும் "மிகையாக வடியும்" மண்கள். நம் மேய்ச்சல் பொட்டல்கள் பலவற்றைப் பார்த்தவுடன் நன்கு வடியும் மண் என்று எழுதிவிடுகிறார்கள். குழி தோண்டிப் பார்த்தால் பாதி கதை மாறிவிடும்.

குழி என்றால் கடப்பாரை போட்டு ஒரு சாண் கிளறுவது அல்ல. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம். அதற்குள் பாறை தட்டினால் அதோடு நிறுத்தலாம். ஒரு பக்கச் சுவர் வெயில் படும்படி செங்குத்தாக இருக்கட்டும். மண்வெட்டி வழித்த தடம் போகும்வரை அந்தச் சுவரைக் கத்தியால் கொத்திக் கொத்திச் சுரண்டுங்கள். வழுவழுவென்று இழைத்த சுவரில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு டேப்பைத் தொங்கவிட்டு, நிறம் மாறும் இடம், சரளை கூடும் இடம், கத்தி இறங்க மறுக்கும் இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தை ஈரமாக்கித்தான் பார்க்க வேண்டும். காய்ந்த செம்மண் எப்போதும் வெளிறித்தான் தெரியும். செம்மைக்குக் காரணம் ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. மஞ்சள் சாயல் கோதைட்டால் வருகிறது. சுவரில் மூன்றடிவரை ஒரே சீராகச் சிவப்பு இருந்தால் காற்றும் நீரும் நன்றாகப் போய்வருகின்றன என்று பொருள். வேர்த்துளைகளை ஒட்டிச் சாம்பல் நிறக் கோடு ஓடினால் அங்கே மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது.

இங்கே ஒரு இடறல் உண்டு. நம் பகுதியில் அடியில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பின்னிக் கிடக்கும் ஒரு களி வரும். அதைப் பார்த்துவிட்டு "இது நீர் தேங்கும் மண்" என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது செம்புராங்கல்லின் இளம் பருவம். ஒரு கட்டியை எடுத்துப் பலமுறை நனைத்துக் காயவைத்தால் சிவப்புப் பகுதி கல்லாக இறுகும். அப்புறம் தண்ணீரில் எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. மண்ணில் இருக்கும்போது வெட்டிவிடலாம், வெளியே எடுத்துக் காயவிட்டால் செங்கல் மாதிரி கெட்டிப்படும். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மலபாரில் இதைப் பார்த்துவிட்டு, செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து, 1807-இல் வெளிவந்த தன் பயண நூலில் லேட்டரைட் என்று பெயரிட்டார். மேல்மண் அரித்துப்போய் இந்தக் களி வெயிலுக்கு வெளிப்பட்டால் நிலத்திலேயே கல்லாகிவிடும். அளவு மீறிய மேய்ச்சலும் கிராவல் அள்ளுவதும் மேய்ச்சல் காட்டுக்குச் செய்யும் பெரிய கேடு இதுதான். போன மண்ணாவது என்றைக்காவது வந்து சேரும், இறுகிய களி திரும்பப் பழைய களியாகாது.

அடுத்தது சரளை. இதைக் கண்ணால் மதிப்பிட்டால் நிச்சயம் தப்பும். ஓரடிக்கு ஓரடி, ஓரடி ஆழத்தில், அதாவது 30 சென்டிமீட்டர் கன சதுரமாகத் தோண்டினால் வெளிவரும் கொள்ளளவு 27 லிட்டர். அந்த மண் முழுவதையும் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, சரளையை மட்டும் கழுவி, விளிம்புவரை நீர் நிரப்பிய வாளியில் போடுங்கள். வழிந்த நீரை அளந்தால் அதுதான் சரளையின் கன அளவு. ஒன்பதரை லிட்டருக்குக் குறையாமல் வழிந்தால் சரளை 35 விழுக்காட்டை எட்டிவிட்டது. இந்த 35 வகைப்பாட்டில் ஒரு எல்லைக்கோடு. அதைத் தாண்டிய மண்ணுக்குப் பெயரிலேயே "எலும்புக்கூட்டு மண்" என்று ஒரு அடைமொழி சேரும். கல் எலும்பு, மண் சதை. பொருத்தமான பெயர்தான்.

இந்தச் சரளைக் கணக்கு எதற்கு? மணல் கலந்த செம்பொறை மண், ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்குக் கிடைக்கும்படி வைத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பொட்டலில் மண் 40 சென்டிமீட்டர்தான் இருந்தால் 40 மில்லிமீட்டர். அதில் பாதி சரளை என்றால் 20. நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகப் போனால் நான்கு நாளில் கையிருப்பு காலி. நல்ல மழை பெய்த மறுவாரமே புல் வாடுவது இதனால்தான். மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. சிவகங்கைச் சீமைக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர், மற்றப் பருவங்களைவிட வடகிழக்குப் பருவத்தில் அதிகம். மழையை வைத்துக்கொள்ளப் பாத்திரம் சிறிசு.

மண் பரிசோதனைச் சீட்டைப் படிப்பதிலும் இந்தச் சரளை வந்து நிற்கும். ஆய்வுக்கூடத்தில் சரளையைச் சலித்து எறிந்துவிட்டு, மிச்சமுள்ள நுண்மண்ணைத்தான் சோதிக்கிறார்கள். ஏக்கருக்கு இத்தனை கிலோ சாம்பல் சத்து என்று சீட்டில் வந்தால், பாதி சரளை உள்ள காட்டில் நிஜத்தில் இருப்பது அதில் பாதிதான். மாதிரி கொடுக்கும்போதே சரளை விழுக்காட்டைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

இப்போது வகைப்பாடு. அமெரிக்க வேளாண் துறையின் முறையைத்தான் இங்கும் பின்பற்றுகிறார்கள். மொத்தம் 12 பெரும்பிரிவுகள். அடிமண்ணில் களி இறங்கிப் படிந்து, கட்டிகளின் மேல் மெழுகுபோல் படலம் தெரிந்து, காரச்சத்து நிறைவு (மண் பிடித்து வைத்திருக்கும் சத்துகளில் சுண்ணாம்பு, சாம்பல் சத்து போன்றவற்றின் பங்கு) 35 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஆல்ஃபிசால். அதற்குக் கீழே போனால் அல்டிசால். களி இறக்கமே இல்லாமல் அடுக்குகள் உருவாகாத மெல்லிய மண் என்டிசால்.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். செட்டிநாட்டு வீட்டைப் பின்கட்டிலிருந்து முகப்புக்கு நடந்து வருவதுபோலப் படித்தால் புரிந்துவிடும். "லித்திக் உஸ்டார்தென்ட்" என்று ஒரு பெயர். கடைசியில் உள்ள "என்ட்" என்டிசாலைக் குறிக்கும். "ஆர்த்" என்றால் சாதாரண வகை. "உஸ்ட்" என்பது ஈரநிலை, அதாவது ஆண்டில் 90 நாளோ அதற்கு மேலோ காய்ந்து கிடந்தாலும் பயிர்க் காலத்தில் ஈரம் உண்டு. முகப்பில் நிற்கும் "லித்திக்" 50 சென்டிமீட்டருக்குள் கெட்டிப் பாறை என்று சொல்கிறது. திருமயம் பக்கம் பாறை முதுகு தெரியும் மேய்ச்சல் காடுகளில் எதிர்பார்க்க வேண்டிய பெயர் இது. தடுப்பது பாறையாக இல்லாமல் செம்புராங்கல் பலகையாக இருந்தால் சொல் "பெட்ரோஃபெரிக்" என்று மாறும். ஒரே சரிவில் இறங்கினால் பெயர்கள் மாறிக்கொண்டே போகும். மேட்டில் சரளை, நடுச்சரிவில் ஆழமான செம்பொறை, கண்மாய் அடியில் சாம்பல் களி. ஊருக்கு ஒரு குழி போதாது, சரிவுக்கு மூன்று வேண்டும்.

நில வளத் தகுதியில் எட்டு வகுப்புகள். முதல் நான்கு உழவுக்கு, ஐந்து முதல் ஏழு வரை மேய்ச்சலுக்கும் மரத்துக்கும். சரளைப் பொட்டல் பெரும்பாலும் ஆறிலோ ஏழிலோ விழும். அங்கே ஏர் பூட்டுவது மேல்மண்ணை ஓடைக்கு அனுப்பும் வேலை.

நடுச்சரிவில் 40 சென்டிமீட்டருக்குமேல் மண் இருந்தால் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் சேர்த்து விதைக்கலாம். முயல் மசால் விதையின் தோல் கெட்டி. 80 டிகிரி சூட்டு நீரில் நான்கு நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைத்தால்தான் சீராக முளைக்கும். கொதிக்கும் நீரில் போட்டால் விதை வெந்துவிடும். மணிச்சத்தை இந்த மண்ணில் தூவி வீணாக்காதீர்கள். இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். தொழுவுரத்தோடு கலந்து வரிசையில் வேர் பக்கம் இடுங்கள்.

மரம் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. செம்புராங்கல் பலகையில் குழி வெட்டி நடும்போது பலகையை அடிவரை உடைக்காவிட்டால், அந்தக் குழி சட்டியாகிவிடும். சுற்றிலும் நன்கு வடியும் மண் இருந்தும் கன்று வேர் அழுகிச் சாகும். நட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் சீக்கிரம் சாகும். குழியில் நீர் நிரப்பி மறுநாள் காலை பாருங்கள். தண்ணீர் நின்றால் கடப்பாரையை மறுபடி எடுங்கள்.

பார்த்து முடித்த குழியைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள், இருட்டில் ஆடு விழும். மூடும்போது அடிமண் அடியில், மேல்மண் மேலே. மாற்றிப் போட்டால் அந்தச் சதுரத்தில் மட்டும் புல் பிடிக்காமல், வருஷக்கணக்கில் திட்டாகத் தெரியும். வணக்கம்.