டுண்டு லிசு: கூண்டில் நிற்கும் வக்கீல்

நேயர்களுக்கு வணக்கம். கிழக்கு ஆப்பிரிக்க நாடான தான்சானியாவில் ஓர் எதிர்க்கட்சித் தலைவரை ஒதுக்கித் தள்ள, துப்பாக்கியை விட விதிப்புத்தகம்தான் அதிகம் உதவியிருக்கிறது. டுண்டு லிசுவின் கதையைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சிங்கிடா பகுதிக்காரர். சுற்றுச்சூழல் வழக்குகளை நடத்திய வக்கீல். 1996-இல் புலியன்ஹுலு தங்கச் சுரங்கப் பகுதியிலிருந்து சிறு அளவில் தங்கம் தோண்டிவந்த தொழிலாளர்களை விரட்டியபோது சிலர் குழிக்குள்ளேயே புதைந்துபோனார்கள் என்ற புகாரை விடாமல் எழுப்பினார். அரசு மறுத்தது. அதோடு விடாமல் அவர் மீதே வழக்கும் போட்டது. 2010-இல் எதிர்க்கட்சியான சடேமா சார்பில் நாடாளுமன்றம் போனார்.

2017 செப்டம்பர் 7. டொடோமாவில் நாடாளுமன்றக் கூட்டத்திலிருந்து வீடு திரும்பியவரைச் சரமாரியாகச் சுட்டார்கள். உடம்பில் 16 குண்டுகள். நைரோபியில் சிகிச்சை, அப்புறம் பெல்ஜியத்தில் அறுவைமேல் அறுவை. சுட்டவர் யார் என்று எந்த நீதிமன்றமும் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் 2019-இல் சபாநாயகர் அவருடைய பதவியைப் பறித்துவிட்டார். காரணம்? சபைக்கு வரவில்லையாம், எங்கே இருக்கிறார் என்று எழுத்தில் தெரிவிக்கவில்லையாம்! அவர் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று நாட்டுக்கே தெரியும்.

2020-இல் திரும்பி வந்து, அதிபர் மகுஃபுலியை எதிர்த்து நின்றார். அதிகாரபூர்வக் கணக்கில் 13 சதவீத வாக்கு. மறுபடி வெளிநாடு, 2023-இல் மறுபடி வருகை. 2025 ஜனவரியில் கட்சித் தலைவரானார். தேர்தல் ஆணையர்களை அதிபரே நியமிக்கும் முறை மாறாமல் தேர்தலே கூடாது என்று ஊர் ஊராகப் பேசினார். ஏப்ரலில் கைது, தேசத்துரோக வழக்கு. அங்கே அதற்கு ஜாமீன் கிடையாது, மரண தண்டனை வரை போகலாம். சில நாட்களிலேயே இன்னொரு விதி வந்து நின்றது. தேர்தல் நடத்தை விதிகளில் சடேமா கையெழுத்துப் போடவில்லை, அதனால் 2030 வரை எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது என்றார்கள். அக்டோபரில், மகுஃபுலிக்குப் பின் அதிபரான சாமியா சுமார் 98 சதவீத வாக்குகளோடு வென்றதாக அறிவித்தார்கள்.

சரி, லிசு என்ன செய்தார்? வக்கீல்களோடு தனியாகப் பேசச் சிறையில் விடவில்லை என்று சொல்லி, தன் வழக்கைத் தானே வாதாட அனுமதி வாங்கினார். குற்றப்பத்திரிகையில் ஓட்டைகளைத் தேடினார். எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்த போலீஸ் அதிகாரிகளைக் குற்றவாளிக் கூண்டில் இருந்தபடியே குறுக்கு விசாரணை செய்தார்.