749 ரூபாய் டப்பா, அரை ஸ்பூன் உப்பு

வணக்கம், வந்துவிட்டேன். முகத்தைப் பாருங்கள், இன்று உயிர் இருக்கிறது இல்லையா? போன வீடியோவில் தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, "சோறு இல்லாமல் என்னால் முடியாது" என்று அழாத குறையாகப் பேசினேனே, அது சோற்றை நிறுத்திக் கார்பை, அதாவது மாவுச்சத்தையும் சர்க்கரையையும், குறைக்கும் லோ கார்ப் டயட்டின் மூன்றாம் நாள். இன்று பதினோராம் நாள். காலையில் மலைக்கோட்டை ஏறி இறங்கிவிட்டு வந்திருக்கிறேன். நானூற்றுச் சொச்சம் படி. தாயுமானவர் சன்னதிப் பக்கம் ஒருமுறை உட்கார்ந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் தலை வலிக்கவில்லை.

சந்தோஷமாக அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றால் இந்த டப்பா விடமாட்டேன் என்கிறது. இதோ. பெயர் மேல் தாள் ஒட்டியிருக்கிறேன், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எலக்ட்ரோலைட் பவுடர், அதாவது உடம்புக்கு வேண்டிய உப்புகளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள், 20 பாக்கெட், 749 ரூபாய். மூன்றாம் நாள் ராத்திரி, படுத்த படுக்கையாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு போனில் ஆர்டர் போட்டேன். "லோ கார்ப் இருப்பவர்களுக்கு உகந்தது" என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தது. மூன்று பாக்கெட் குடித்தபிறகுதான் பின்பக்கம் படித்தேன். சேர்மானத்தில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். அது என்ன தெரியுமா? மாவுச்சத்து! உடைத்துத் தூளாக்கிய மாவுச்சத்து. ஒரு பாக்கெட் 6 கிராம், அதில் 4 கிராம் கார்ப். சோறு வேண்டாம் என்று உட்கார்ந்திருப்பவளுக்கு டம்ளரில் கரைத்துச் சோறு ஊட்டியிருக்கிறார்கள். ஒரு பாக்கெட் 37 ரூபாய் 45 காசு, கணக்குப் போட்டுவிட்டேன். திருப்பி அனுப்பலாம் என்றால், பிரித்ததை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். பிரிக்காமல் எப்படி ஐயா பின்பக்கம் தெரியும்? சரி, பெட்டியைப் பிரிக்காமலே தெரிந்திருக்கும், அது வெளியிலேயே இருந்தது. என் தப்பும் இருக்கிறது. இருந்தாலும் 749 ரூபாய்!

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு 50 கிராம் கார்புக்குள் நிற்பது என்று கணக்கு. வெந்த சோறு 100 கிராம் போட்டாலே 28 கிராம் போய்விடும், ஆகவே சோறே வேண்டாம் என்று முடிவு. புதன்கிழமை காலை எடை பார்த்தால் 1.8 கிலோ குறைவு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்றார்கள். அன்று மத்தியானமே ஆரம்பித்தது. நெற்றிப்பொட்டில் யாரோ விரலை வைத்து அழுத்துவது மாதிரி. மாடிப்படி ஏறினால் தொடை கனக்கிறது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. எல்லோரும் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்றார்கள். நான்கு லிட்டர் குடித்தேன். இன்னும் மோசமானது.

அப்போதுதான் பெரியப்பா வீட்டு அண்ணன் போன் செய்தார். தானியத்தை ஒதுக்கும் பேலியோ டயட் அலை அடித்தபோது அதில் இரண்டு வருஷம் மூழ்கி எழுந்தவர், உங்களுக்கு அவரைத் தெரியும், போன தீபாவளி வீடியோவில் பாதாம் மாவில் முறுக்கு சுட்டு உடைத்தவர். "ஏம்மா, உப்பு சாப்பிடுறியா?" இதுதான் முதல் கேள்வி. நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

அவர் சொன்னதைச் சரிபார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்று மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறோம், ஏறக்குறைய அரைக் கிலோ. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் கையிருப்பு கரைகிறது, தண்ணீரும் கழன்றுகொள்கிறது. நான் அம்மாவிடம் காட்டிய 1.8 கிலோவில் கொழுப்பு எவ்வளவு இருந்திருக்கும்? நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. சோறு நின்றால் இன்சுலினும் இறங்கும்; இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்காமல் வெளியே விடுகிறது, அது இரண்டாவது. உப்பு போகிறது, நானோ மேலே மேலே வெறும் தண்ணீரை ஊற்றுகிறேன். ரசத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அண்ணன் சொன்ன வைத்தியம்: வழக்கமான சாப்பாட்டு உப்போடு, கூடுதலாக அரை டீஸ்பூன் தூள் உப்பு. அதில் சோடியம் 1,100 மில்லிகிராம் சொச்சம் வரும். ஒரே மடக்கில் வேண்டாம், வயிற்றைக் கலக்கிவிடும். பாதி எலுமிச்சைத் தண்ணீரில், பாதி சூப்பில். குடித்து முக்கால் மணி நேரத்தில் நெற்றியில் இருந்த விரல் எடுபட்டது. ஒரு கிலோ உப்புப் பாக்கெட் என்ன விலை? 28 ரூபாய்! ஒரு கிலோ! நான் 749 ரூபாய்... சரி, விடுகிறேன்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த உப்பைத் தொடாதீர்கள். என் அம்மாவுக்கே நான் கொடுக்கவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைப்பதற்கு முன்னாலேயே மருத்துவரிடம் போய்விடுங்கள். பழைய அளவு மருந்தோடு சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். எனக்கும் இந்தக் கூடுதல் உப்பு ஆரம்ப இரண்டு வாரத்துக்குத்தான்.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். டீ! அதே திங்கட்கிழமை டீயையும் நிறுத்தியிருந்தேன். நான் ஒரு நாளைக்கு ஐந்து டீ ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை வேறு. சர்க்கரை போகட்டும் என்று டீயையே விட்டேன். காஃபீன் வழக்கமாகப் போய்க்கொண்டிருந்து திடீரென நின்றால், அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கும், ஓரிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். என் புதன்கிழமையோடு பொருத்திப் பாருங்கள். பாவம், சோற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை பாலும் சர்க்கரையும் இல்லாமல் கட்டன் டீ இரண்டு டம்ளர் குடித்தேன். ருசியா? காய்ச்சிய வைக்கோல். ஆனாலும் மிச்சமிருந்த வலி அதில்தான் போனது.

களைப்புக்குக் காரணம் இன்னும் அசிங்கம். சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையுமே வைக்கவில்லை. இரண்டு கரண்டி பீன்ஸ் பொரியல், ஒரு முட்டை, முடிந்தது மதியச் சாப்பாடு. அது டயட் இல்லை, பட்டினி. இப்போது மூன்று முட்டை, நெய், தேங்காய் தாராளமாக, மீன். காலிஃபிளவரைத் துருவிச் சோறு என்று சொல்வதை மட்டும் நான் செய்யமாட்டேன், எத்தனை பேர் கேட்டாலும். காலிஃபிளவர் நல்ல காய்தான், அதை ஏன் பொய் சொல்ல வைக்க வேண்டும்?

மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓஆர்எஸ் கரைத்துக் குடித்திருக்கலாமே என்று தோன்றும். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி அதில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் உண்டு. குடல் உப்பை உள்ளே இழுக்க அந்தக் குளுக்கோஸ்தான் கைகொடுக்கிறது. வயிற்றுப்போக்குக்கு அது உயிர் காக்கும், நம் கதை வேறு. இளநீரும் அப்படித்தான், ஒரு டம்ளரிலேயே 9 கிராம் சொச்சம் கார்ப். சைவக்காரர்களுக்கு முருங்கைக்கீரை சூப், உப்புப் போட்டு.

எனக்கு ஆட்டுக்கால். கறிக்கடை பாய் நான்கு காலையும் சுட்டு வெட்டி 280 ரூபாய் என்றார். "அக்கா, யாருக்குக் கால் உடைஞ்சிருக்கு?" என்று அக்கறையாக விசாரித்தார். தலைவலிக்கு என்றதும் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு எலும்புத் துண்டை இனாமாகப் போட்டுக் கொடுத்தார். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், குக்கரில் பன்னிரண்டு விசில். மூன்று நாளைக்கு வந்தது.

இந்த டப்பாவில் மீதி 17 பாக்கெட் இருந்தது இல்லையா, அதை மாடிவீட்டுப் பையன் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து தினமும் ஒன்றாகக் கரைத்துக் குடிக்கிறான். ரொம்ப நன்றாக இருக்கிறதாம் ஆன்ட்டி, இன்னொரு டப்பா வாங்குவீர்களா என்கிறான்.