கண்ணாடிப் பெட்டிக்குள் யாருடைய கிழக்கு?

[காட்சி: தாரா சிலை. கமரா மெல்ல முகத்தை நெருங்குகிறது]

இந்தச் சிலை தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வம். 8ஆம் நூற்றாண்டு வெண்கலம், பொன்முலாம் பூசியது, உயரம் 143 சென்டிமீட்டர். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் எங்கேயோ கிடைத்தது. இப்போது இருப்பது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனபோது ஆளுநராக இருந்த பிரவுன்றிக், 1830இல் அதை அங்கே கொடுத்தார்.

கொண்டையின் முன்பக்கம் ஒரு குழி தெரிகிறதா? பெரிய கல் ஒன்று அதில் பதிந்திருந்திருக்கலாம் என்கிறார்கள். இடுப்புக்கு மேலே ஆடை இல்லை. லண்டனில் அது கூச்சமாகப் போய்விட்டது. சுமார் 30 ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் உள்ளேயே வைத்திருந்தார்கள். வணங்குவதற்கென்று வார்த்த வடிவம், கைமாறியதும் மறைக்க வேண்டிய பொருளாகிவிட்டது. சிலை மாறவில்லை. அதைக் காட்டலாமா என்று முடிவு செய்தவர்கள்தான் மாறினார்கள்.

[காட்சி: கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் வெள்ளைக் கட்டடம்]

சரி, நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பு அருங்காட்சியகம் 1877இல், ஆளுநர் கிரெகரி காலத்தில் திறக்கப்பட்டது. கண்டி மன்னரின் சிம்மாசனம் 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து அங்கே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் போய் முதலில் தேடுவதும் அதைத்தான். அரசன், தலைநகர், விகாரை என்று ஒரு நாட்டின் கதை அவர்கள் மனதில் பதிகிறது. வயல் விதைத்தவருக்கு அந்தக் கதையில் அவ்வளவாக இடமில்லை.

ஆனால் அதே கட்டடத்தில்தான் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டும் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் இந்துத் தெய்வமான தென்னாவரத்து நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு என்று காணிக்கை சொல்லும் ஒரே கல். 1911இல் அதைக் கண்டெடுத்தபோது மதகு மூடியாகக் கிடந்தது! தேசியம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட, சிம்மாசனத்துக்கு முன்னே இந்தக் கல்லுக்குத்தான் நான் அழைத்துப் போவேன்.

[காட்சி: வாவி, கல்லடிப் பாலம், பிறகு காத்தான்குடிப் பிரதான வீதி]

இங்கே கிழக்கில் தீகவாபியில் பௌத்த வரலாற்றைச் சொல்லும் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. காத்தான்குடியில் முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையை ஆளுயர உருவங்களாக அமைத்தார்கள். காரைதீவில் தமிழறிஞர் விபுலாநந்த அடிகளின் நினைவைப் போற்றுகிறார்கள். தன்னை யாரும் சொல்லாதபோது தானே சொல்லிக்கொள்வது நியாயம்தான். ஆனால் இப்படித் தனித்தனியாக வைக்கும்போது, நடுவில் உள்ள ஒன்று எல்லார் கையிலிருந்தும் நழுவிவிடுகிறது.

குடி என்கிற குல முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியாக வருகிறது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார், வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. குடியின் சார்பில் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர் மரைக்காயர். ஒரே ஒழுங்கு இரண்டு வாசல்களிலும் நடக்கிறது. இதை எந்தச் சமூகத்தின் கூடத்தில் வைப்பது? ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அது புரியும்.

[காட்சி: பழைய மரைக்கால், மிக அருகில். விளிம்பு தேய்ந்திருக்கிறது]

இது நெல் அளந்த மரைக்கால். ‘பண்டைய அளவுக் கருவி’ என்று எழுதி வைத்தால் ஒரு நிமிடத்தில் கடந்து போய்விடுவோம். எந்த வட்டையில் (வயல்வெளியில்) அளந்தது, வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் யார், விளிம்பு இப்படித் தேய எத்தனை போகம் ஆகியிருக்கும், வயற்காரனுக்குக் கூலியும் இதில்தான் அளந்தார்களா என்று எழுதினால், அது தமிழ் வீட்டிலிருந்து வந்ததா முஸ்லிம் வீட்டிலிருந்து வந்ததா என்ற கேள்வியே பின்னுக்குப் போய்விடும். சூடடிக்கும் களமான களவெட்டி இரண்டு பேருக்கும் ஒன்றுதானே.

இந்த விவரங்கள் பொருளோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை, ஆட்களிடம்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் மரைக்காலோ வெற்றிலை வட்டாவோ கிடந்தால், இந்த வாரமே இறக்கிப் படம் எடுங்கள். அப்புறம் அம்மம்மாவையோ மூத்தம்மாவையோ உட்கார வைத்து, யாரிடம் வாங்கியது, யார் யார் பாவித்தது, கடைசியாக எப்போது வெளியே எடுத்தது என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே போனில் பதிவுசெய்து வையுங்கள்.